1981-ல் மூன்று ஊர், அரியூர் நாட்டில் ஒரு நாற்காலி

கொல்லிமலைன்னு சொன்னதும் நம்மில் நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், சித்தர் கதைகள். இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லைங்க. அந்த மலையில் 14 நாடுகள் இருக்கு. 'நாடு'ன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. மேட்டிலயும் பள்ளத்திலயும் சிதறிக் கிடக்கிற பல சிற்றூர்கள் சேர்ந்த ஓர் ஊராட்சி, அவ்வளவுதான். அதில் ஒன்று அரியூர் நாடு.

2025 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும், ஊராட்சி ஒன்றியத்திலும், மாவட்ட ஊராட்சியிலும், நகராட்சி, பேரூராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக ஆக்கலாம் என்பது அதன் சாரம். நிறைவேறியும் விட்டது. மாநிலத்தில் இருக்கிற கிராம ஊராட்சிகள் சுமார் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அத்தனைக்கும் ஆளுக்கொரு நாற்காலின்னா, சட்டப்படி அரியூர் நாட்டுக்கும் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் வந்த சமயத்தில் நாமக்கல் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக மன்றங்களின் பதவிக்காலம் முடிஞ்சு போய் (2025 ஜனவரி) தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம் இருந்தது. அதாவது நாற்காலி வந்துவிட்டது, அதைப் போட மன்றம் இல்லை! நம்ம ஊர் வழக்கம்தான் :-)

சரி, அந்த நாற்காலி எங்கிருந்து வந்தது? சும்மா யாரோ மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. அதுக்குப் பின்னாடி நாற்பது சொச்சம் வருஷக் கதை இருக்கு. அதைத்தான் எழுதப்போறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அம்மா என்கிற துறை

நடக்க முடியாத ஒரு பையன் மலைமேல் ஒரு வீட்டில் இருக்கான்னு வெச்சுக்குவோம். அவனைத் தூக்கிக் குளிப்பாட்டறது, சோறூட்டறது, வெளிக்குக் கூட்டிட்டுப் போறது எல்லாம் அம்மா. அம்மா மரவள்ளிக் காட்டுக்கோ மிளகு பறிக்கவோ போனா பாட்டி. பாட்டி போயிட்டா அக்கா. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுடுவா. இதுக்கு நாம வெச்சிருக்கிற பேர் 'குடும்பப் பாசம்'. மேல்நாட்டில் இதே வேலைக்கு ஒரு துறை, பட்ஜெட், ஊழியர்கள் உண்டு. நம்ம ஊரில் அந்தத் துறை முழுக்க ஒரே ஆள், அம்மா. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஓய்வுபெறும் வயசும் கிடையாது.

அரசாங்கம் எதைக் கொடுத்தாலும் முதலில் அடையாள அட்டை கேட்கும். அட்டைக்கு டாக்டர் சான்று வேணும். சான்று கொடுக்கிற முகாம் பெரும்பாலும் கீழே நடக்கும். சக்கர நாற்காலி உருளாத தடத்தில் பையனைத் தூக்கி வந்து, பஸ் ஏற்றி, அத்தனை வளைவும் இறங்கி, வரிசையில் நின்னு, "அடுத்த வாரம் வாங்க"ன்னு கேட்டுத் திரும்பினா, ஒரு நாள் கூலி போச்சு. இதில் யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா ஒன்றைக் கவனியுங்க. எந்த நாள், எந்த இடம், என்ன உதவி, எவ்வளவு என்று முடிவெடுத்த எந்த இடத்திலும் அந்தப் பையனும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை.

இந்தக் கதையே அந்த 'முடிவெடுக்கிற இடம்' பத்தினதுதான்.

1981

ஐ.நா. சபை 1981-ஐ சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது. (அப்போது அதுதான் சொல். 'மாற்றுத்திறனாளி' என்பது 2010-ஐ ஒட்டி கலைஞர் ஆட்சியில் அரசு வழக்குக்கு வந்த சொல்.) இப்படிப்பட்ட ஆண்டுகளில் தபால்தலை வெளியிடுவாங்க, கருத்தரங்கு நடத்துவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. ஆனா அந்த ஒரு வருஷத்தைச் சுற்றி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று ஊர்களில் நடந்ததைப் பாருங்க.

முதல் ஊர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி. இந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவர். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காக பெங்களூர் போனவர், உடல்தகுதிச் சோதனையில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்து திரும்பினார். அப்படித் திரும்பியவரிடம் ஊர் எதிர்பார்ப்பது ஒன்றுதான், படுத்திருக்கணும், மத்தவங்க பார்த்துக்குவாங்க. அவர் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் பாதியை எடுத்துச் சங்கத்துக்கு வெச்சார். சின்னப் பள்ளியா ஆரம்பிச்சது. பின்னாடி தசைச்சிதைவு நோயால் வீல்சேரில் இருந்த சங்கரராமன் என்கிற சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் வந்து சேர்ந்தார். கணக்கு வழக்கும் நிர்வாகமும் அவர் கையில். ஊனமுற்ற இரண்டு பேர் தலைமையில் ஒரு பெரிய அமைப்பு வளர்ந்தது. 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ கிடைச்சது.

எனக்கு இதில் முக்கியமாப் படுவது விருது இல்லை, வளாகமும் இல்லை. அவங்க கிராமங்களுக்குப் போனதுதான். பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே போய், குழந்தைக்குச் செய்ய வேண்டிய பயிற்சிகளை அம்மா அப்பாவுக்கே சொல்லிக் கொடுப்பார். ஊனமுற்றோரும் பெற்றோரும் சேர்ந்து ஊருக்கு ஊர் சுய உதவிக் குழுக்கள் அமைச்சாங்க. 'வாங்க, நாங்க பார்த்துக்கறோம்' என்பதிலிருந்து 'நீங்களே செய்யலாம், நாங்க கூட இருக்கோம்' என்பதற்கு வந்த மாற்றம் அது.

இரண்டாவது ஊர், இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர். அங்கே லெ கோர்ட் என்று ஊனமுற்றோர் விடுதி ஒன்று. நல்ல விடுதிதான், சாப்பாடு உண்டு, கவனிப்பு உண்டு. ஆனா எப்போ எழுந்திரிக்கணும், எப்போ தூங்கணும் எல்லாம் விடுதி நேரம். ஜான் எவன்ஸ் முதலான சிலர் 1979-ல் ஒரு குழுவாகச் சேர்ந்தாங்க. அடுத்து வந்த சர்வதேச ஆண்டை மனசில் வெச்சு 'ப்ராஜெக்ட் 81'ன்னு பேர். அவங்க கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: "என்னை இங்கே வைத்துப் பராமரிக்க நீங்கள் செலவழிக்கிற பணத்தை என்னிடம் கொடுங்களேன். நானே வீடு பார்த்து, நானே ஆள் வைத்துக்கொள்கிறேன்."

அப்போதைய பிரிட்டிஷ் சட்டப்படி உள்ளாட்சி நேரடியாக ஆளிடம் பணம் கொடுக்க முடியாது. அதனால விடுதி வழியாவே பணத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. 1983 வாக்கில் எவன்ஸ் தன் சொந்த வீட்டில் இருந்தார். பதிமூணு வருஷம் கழிச்சு, 1996-ல் இதையே பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமாக்கியது. நேரடிப் பணம் கொடுக்கும் சட்டம். 2000-ல் வந்த இன்னொரு சட்டம் அதை ஊனமுற்ற குழந்தைகளின் பெற்றோருக்கும் விரித்தது.

மூன்றாவது ஊர் நமக்குப் பழக்கமானது, சிங்கப்பூர். 1980-ல் கனடாவின் வின்னிபெக்கில் புனர்வாழ்வு நிபுணர்களின் உலக மாநாடு. "உங்கள் அமைப்பில் பாதி இடம் எங்களுக்கு வேண்டும்" என்று அங்கே வந்திருந்த ஊனமுற்றோர் கேட்டாங்க. நிராகரிச்சுட்டாங்க. அவங்க தனியா ஒரு உலக அமைப்பே ஆரம்பிக்க முடிவு செஞ்சாங்க. 1981 டிசம்பரில் சிங்கப்பூரில் அதன் முதல் மாநாடு. முதல் தலைவர் ரான் சந்திரன் டட்லி, பார்வையற்றவர், சிங்கப்பூர்க்காரர். நம்ம ஊர்ப் பேரும் கலந்திருக்கு பாருங்க.

ஒரு ஊரில் சொந்தமாக ஓர் அமைப்பு, ஒரு ஊரில் சொந்தக் கையில் பணம், ஒரு ஊரில் மேசையில் சொந்த இடம். பின்னால் நடந்த எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் தொடர்ச்சிதான்.

எங்களுக்கு அப்புறம் யார்?

ஹாம்ப்ஷயர்காரங்க விடுதியை விட்டு வெளியே வரப் போராடினாங்க. நம்ம ஊரில் வெளியே வருவதற்கு விடுதியே கிடையாது, வீடுதான். அதனால இங்கே கதை பெற்றோர் வழியாகப் போச்சு.

சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் ஒரு மையத்தை ஆரம்பிச்சார். அவர் மகனுக்குப் பல வகை ஊனம். பையனுக்குப் பொருத்தமான பள்ளி இல்லை, சரி நாமே ஆரம்பிப்போம் என்ற கதை. ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கி பின்னால் வித்யாசாகர் ஆச்சு. பம்பாயில் 1972-லேயே மிது ஆலூர் தன் மகளுக்காக இப்படித்தான் ஆரம்பிச்சிருந்தார். 1989-ல் சென்னையில் மனநோயால் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து 'ஆஷா' என்ற சங்கத்தைத் தொடங்கின.

இந்தப் பெற்றோர்கள் கூடுகிற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் கேட்கும். "நாங்க இருக்கிற வரைக்கும் சரி. எங்களுக்கு அப்புறம்?"

அந்தக் கேள்விக்கு டெல்லி கொடுத்த பதில் 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் மட்டுமான சட்டம். மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. அதில் கலெக்டர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர். 18 வயசு தாண்டியவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை இந்தக் குழு நியமிக்கும். பெற்றோர்களின் நீண்ட கால வற்புறுத்தலால் வந்த சட்டம். 2005-ல் பூனம் நடராஜனே அந்த அறக்கட்டளையின் தலைவரானார். ஒரு அம்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை.

ஆனா ஒரு சிக்கல்

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். 'குடும்பத்தின் கையில் கட்டுப்பாடு' என்பதும் 'ஊனமுற்றவர் கையில் கட்டுப்பாடு' என்பதும் ஒன்றா? இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிடறோம். ஆனா ஒன்றில்லை.

2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலக் காப்பகம் என்று நடத்தப்பட்ட ஒரு கொட்டகையில் அதிகாலையில் தீ. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தாங்க. 28 பேர் இறந்தாங்க. அவங்களை அங்கே கொண்டுபோய் விட்டது பெரும்பாலும் சொந்தக் குடும்பங்கள்தான். கல்நெஞ்சக்காரங்கன்னு ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. பக்கத்தில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை, வீட்டில் வெச்சுப் பார்க்க ஆள் இல்லை, தர்கா மேல நம்பிக்கை இருந்தது. வேற வழி தெரியாம செஞ்சாங்க. ஆனா அங்கே இருக்கணுமா வேண்டாமான்னு சங்கிலியில் இருந்தவரை யாரும் கேட்கலை என்பதும் உண்மை.

காப்பாளர் முறையிலும் இதே முள் உண்டு. பெற்றோருக்கு நிம்மதி கொடுக்கிற அதே தாள், 25 வயசு மகளின் கையெழுத்தைச் செல்லாததாக்கிவிடும். 2006-ல் ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை வந்தபோது இதைத்தான் நேரடியாகத் தொட்டது. எல்லாருக்கும் சட்டத் தகுதி உண்டு, முடிவெடுக்க உதவி தேவைன்னா உதவுங்க, முடிவையே பறிச்சுக்காதீங்க (12-ஆம் பிரிவு). யாரோடு, எங்கே வாழ்வது என்பதும் அவரவர் தேர்வு (19-ஆம் பிரிவு). இந்தியா 2007 அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டது.

அதன் விளைவாக இரண்டு சட்டங்கள் வந்தன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1995 சட்டத்தின் 7 வகையை 21 வகையாக்கியது. 'முழுக் காப்பாளர்' என்பதற்குப் பதில் 'வரையறுக்கப்பட்ட காப்பாளர்' என்றது. அதாவது குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. எனக்கு நாளைக்கு உடம்பு முடியாமப் போனா எப்படிப் பார்த்துக்கணும், எப்படிப் பார்த்துக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், எனக்காகப் பேச யார் என்று நானே சொல்லவும் அதில் இடம் இருக்கு.

சட்டம் புஸ்தகத்தில் இருக்கு, வீடு வேற மாதிரி இருக்கும்னு நீங்க சொல்வீங்க. சரிதான். ஆனா என் பக்க வாதம் இது. குடும்பத்துக்கு ஆதரவே இல்லாத இடத்தில்தான் குடும்பம் காவல்காரனா மாறுது. உதவிக்கு ஆளும் காசும் இருக்கிற வீட்டில் அம்மா அம்மாவா இருக்கலாம். பையனும், "இன்னிக்கு எனக்குக் குளிக்க வேண்டாம்"னு சொல்லலாம். சொன்னா அம்மாவுக்குக் கோபம் வராது, ஏன்னா அவ நாள் முழுக்க அதையே சுத்தி ஓடலை. ஆக, சண்டை அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இல்லை. இரண்டு பேரையும் தனியா விட்ட ஏற்பாட்டோடதான்.

பணம் யார் கையில்

இதைத் தமிழ்நாட்டில் பேருக்குள்ளேயே புரிஞ்சு வெச்சிருக்கிற ஒரு சங்கம் உண்டு. 'தமிழ்நாடு அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம்'. பேர் நீளம்தான், மூச்சு வாங்கும் :-) ஆனா 'பாதுகாப்போர்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்க. பராமரிக்கிறவரும் உரிமை கேட்கிறவர்தான், அவரும் சங்கத்துக்காரர்தான் என்று பேரிலேயே எழுதி வெச்சிருக்காங்க. மாத உதவித்தொகை, ஊரக வேலைத் திட்டத்தில் வேலை, பஸ்ஸில் ஏற வழின்னு வருஷக்கணக்கா தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து கேட்டவங்க.

தொகையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியா வந்த மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000-லிருந்து 1,500 ரூபாய் ஆச்சு. கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு உள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகை 2,000 ஆனது. 2,000-ஐ 30 நாளுக்கு வகுத்தா நாளைக்கு 67 ரூபாய் கூடத் தேறாது. பக்கத்து ஆந்திராவில் 2024 ஜூலையில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ஆக்கினாங்க. முழுக்கப் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000. அதை வகுத்தா நாளைக்கு 500.

67-க்கும் 500-க்கும் நடுவில் இருப்பது வெறும் எண் வித்தியாசம் இல்லைங்க. 67 ரூபாய்ங்கிறது உதவி. பால் வாங்கலாம், மாத்திரை வாங்கலாம். 500 ரூபாய்ங்கிறது கிட்டத்தட்ட ஒரு ஆளோட கூலி. அதை வெச்சுப் பக்கத்து வீட்டு அக்காவை அரை நாள் கூப்பிட்டுக்கலாம், அம்மா காட்டுக்குப் போகலாம், அக்கா பள்ளிக்கூடம் போகலாம். லெ கோர்ட்டில் கேட்டது அதைத்தான். 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவிலும், அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று வெளிப்படையாவே எழுதியிருக்கு.

"காசைக் கையில் கொடுத்தா குடிச்சிடுவாங்க"ன்னு சொல்ற நண்பர்கள் உண்டு. அதே கேள்வி பிரிட்டனிலும் வந்தது. தப்பு நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்ல வரலை. அதுக்குத்தான் ஆய்க்குடி பாணிக் குழுக்கள் வேணும். பத்து வீட்டு அம்மாக்களும் ஊனமுற்றவர்களும் மாசம் ஒரு முறை உட்கார்ந்து பேசினா, யார் வீட்டில் என்ன நடக்குதுன்னு அதிகாரிக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்.

மறுபடி அரியூர் நாடு

இப்போ அந்த நாற்காலிக்கு வருவோம். 'நியமனம்தானே, தேர்தல் இல்லையே, யாராவது கட்சிக்காரர் சொந்தக்காரரைப் போட்டுடுவாங்க' என்கிற சந்தேகம் நியாயமானது. பெண்களுக்கான இட ஒதுக்கீட்டில் 'தலைவி வீட்டுக்காரர்' ஊராட்சி நடத்தியதை நாம பார்த்ததுதான். இங்கேயும் 'உறுப்பினரோட அண்ணன்' வந்து உட்கார வாய்ப்பு இருக்கு. அதைத் தடுக்க ஒரே வழி, அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு குழு இருக்கணும்.

அப்படி ஒரு குழு இருந்தா, அரியூர் நாட்டு உறுப்பினர் முதல் கூட்டத்தில் கேட்கக் கூடியவை பெரிய விஷயமெல்லாம் இல்லை:

சான்று முகாமை மலைமேலேயே வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்த முடியுமா? அடுத்து போடப்போற கான்கிரீட் தடத்தை முதலில் சக்கர நாற்காலி இருக்கிற வீட்டு வாசல் வரைக்கும் போடலாமா? மூன்று சக்கர வண்டி கொடுக்கிறீங்களே, இந்த ஏற்றத்தில் அது ஓடுமா, வேற என்ன வேணும்னு எங்களைக் கேட்டீங்களா? உதவித்தொகை வாங்க எத்தனை கிலோமீட்டர் போகணும்? கிராமசபை நடக்கிற இடத்தில் எத்தனை படி?

ஒவ்வொன்றும் சின்னக் கேள்வி. ஆனா இதுவரை அந்த அறையில் இதைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வின்னிபெக்கில் மறுத்த இடமும், ஆய்க்குடியில் தானே உண்டாக்கிக்கொண்ட இடமும் இதேதான், முடிவெடுக்கிற இடம்.

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் 11.79 லட்சம் பேர். அப்போ எண்ணியது 8 வகையை மட்டும். 21 வகையையும் எண்ணினால் கூடத்தான் செய்யும். ஆளுக்கு ஒரு அம்மான்னு வெச்சாக்கூட எத்தனை பேர்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

உங்க ஊர் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ இந்த நியமன உறுப்பினர் யாருன்னு தெரியுமா? வந்துட்டாரா? கூட்டத்தில் அவரே பேசறாரா, பக்கத்தில் நிற்கிறவர் பேசறாரா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்தில் சொல்லுங்க. தெரியாதவங்க ஒரு தடவை போய்க் கேட்டுப் பாருங்க. யாரோ கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே அந்த நாற்காலிக்கு ஒரு பலம்தான்.